கண்ணை மூடித் திறப்பதற்குள் போன பஸ்: தூத்துக்குடியிலிருந்து திருச்சுழிக்கு

போன வாரம் ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். தூத்துக்குடியிலிருந்து எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எதையெல்லாம் கையில் எடுத்துக்கொள்வது என்று விவரம் வேண்டுமாம். நாலு வரியில் பதில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தச் சாலையைப் பற்றி எழுத ஆரம்பித்தாலே எனக்கு 1992 ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றுதான் வந்து நிற்கிறது. நானும் இதே போல வேலையில் சேரப் போனவள்தான். ஆகவே தங்கையே, உங்களுக்கான விவரம் இதற்குள்ளேயே இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

ஆசிரியர் பயிற்சி முடித்து ஆறு வருடம் வீட்டில் இருந்தேன். என் கணவர் தேவராஜ் நூற்பாலையில் வேலை பார்த்தார். அந்த ஆலை கதவடைத்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. உப்பளத்துக்கும் கட்டட வேலைக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தார். கையில் காய்ப்பு காய்த்ததே தவிர வீட்டில் அரிசி நிலையாக இருந்ததில்லை. அந்த நேரத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தபால்காரர் ஒரு கவரைக் கொடுத்தார். சபை நடத்தும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் எனக்கு வேலை. கவர் எங்கள் பழைய வீட்டு விலாசத்துக்குப் போய், ஊர் சுற்றிவிட்டு வந்திருந்தது. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வந்து சேர வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அதில் எழுதியிருந்தது. இடையில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

பயணத்துக்குப் போகும் முன் தேவராஜின் ஜெபத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், அது இல்லாமல் இந்தக் கதை நகராது. எங்கள் ஆட்கள் சாப்பாட்டுக்கு முன், "ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம், ஆமென்" என்று இரண்டு மூச்சில் முடித்துவிட்டுக் கையை வைப்பார்கள். இவர் அப்படி இல்லை. நெல்லை விதைத்தவர், நாற்று நட்டவர், அறுத்தவர், மூட்டை தூக்கியவர், லாரி ஓட்டியவர், மாவாட்டியவர், விறகு வெட்டியவர் என்று அந்த இலைக்கு வந்து சேரும் வரை எத்தனை கை பட்டதோ அத்தனை பேருக்கும் நன்றி சொல்லுவார். அவர்கள் வீட்டிலும் இன்று அடுப்பு எரிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் கண்ணைத் திறப்பார். அதற்குள் ரசத்தின் மேல் ஆடை கட்டிவிடும். பேரும் தெரியாத, முகமும் தெரியாத ஆட்களுக்கு எதற்கு இவ்வளவு நீளம் என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். ஆலை கதவடைத்த பிறகாவது சுருங்கும் என்று பார்த்தேன். கஞ்சிக்கும் துவையலுக்கும் அதே நீளம்தான். எனக்கு அப்போதெல்லாம் எரிச்சல்தான் வரும். கொடுத்ததே கொஞ்சம், அதற்கு இத்தனை ஸ்தோத்திரமா என்று மனசுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே ஆமென் சொல்லுவேன்.

திங்கட்கிழமை காலை 6.10க்குத் தூத்துக்குடியில் மதுரை பஸ் ஏறினோம். அருப்புக்கோட்டையில் இறங்கித் திருச்சுழி டவுன் பஸ் பிடிப்பது திட்டம். அருப்புக்கோட்டைக்குத் தலைக்குப் பதினொன்றரை ரூபாய் கொடுத்ததாக நினைவு. தூரம் எண்பத்தெட்டு கிலோமீட்டர். வேலையில் சேரும் நாளுக்கென்று வைத்திருந்த வெள்ளைப் புடவை, நீலக்கரை போட்டது, அதைக் கட்டியிருந்தேன். சான்றிதழ்கள் எல்லாம் ஒரு பழுப்பு ரெக்சின் பையில். உத்தரவுக் கடிதம் மட்டும் என் கைப்பையில். ரெக்சின் பையை மடியில் வைத்திருந்தேன். எட்டயபுரம் தாண்டியதும் கால் மரத்துப்போய், அதை மேலே தட்டில் வைத்தேன்.

டிக்கெட் கிழிக்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்தேன். "அருப்புக்கோட்டையில திருச்சுழி வண்டி எப்ப இருக்கும்ணே? இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பள்ளிக்கூடத்துல சேரணும்."

"ஒம்பது அஞ்சுக்கு ஒரு டவுன் பஸ்ஸு. புடிச்சிரலாம், கவலப்படாதீக. எந்த ஊரு பள்ளிக்கூடம்?"

ஊரைச் சொன்னேன். திருச்சுழியில் இறங்கி ஐந்து கிலோமீட்டர் உள்ளே நடக்க வேண்டும் என்றார். ஊர் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பள்ளியில் இன்றும் என் மாணவிகள் இரண்டு பேர் ஆசிரியைகளாக இருக்கிறார்கள், அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

8.25க்குப் பந்தல்குடி. ரோட்டின் இரண்டு பக்கமும் லாரிகள். டீ குடிக்கப் பத்து நிமிடம் என்று கண்டக்டர் சொன்னார். நாங்கள் இறங்கி எதிரே இருந்த கடையில் உட்கார்ந்து ஆளுக்கு நாலு இட்லி சொன்னோம். இட்லி வர ஐந்து நிமிடம் ஆனது. வந்ததும் தேவராஜ் கண்ணை மூடினார். பஸ் நிற்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சின்ன வயதிலிருந்து பழகிய பழக்கம், எதிரே ஒருவர் ஜெபம் பண்ணினால் நம் கண்ணும் தானாக மூடிக்கொள்கிறது. நானும் மூடிவிட்டேன்.

அன்றைக்கு வேலையில் சேரும் நாள் ஆயிற்றே, ஜெபமும் கூடுதல். நன்றிப் பட்டியலில் தபால்காரர் வந்தார், உத்தரவைத் தட்டச்சு செய்தவர் வந்தார், பஸ் ஓட்டுநர் வந்தார். ஆமென் என்று கண்ணைத் திறந்தால் எதிரே வெறும் ரோடு. பஸ் நின்ற இடத்தில் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது.

மேலே வைத்த ரெக்சின் பை பஸ்ஸோடு போய்விட்டது. நான் எழுந்த வேகத்தில் இட்லித் தட்டு கவிழ்ந்தது. கடைக்காரர் அடுப்பிலிருந்து ஓடி வந்தார். அவர் முகம் என் முகத்தைவிட வெளிறிப் போயிருந்தது.

"கண்டக்டரு கூப்புட வந்தாரும்மா. சாமி கும்புடுறவுகள எப்படிங்க தொந்தரவு பண்றது? நாந்தான் கையக் காட்டி, சத்தம் போடாதீகன்னேன். அவரு நீங்க இங்கயே எறங்கிட்டீகன்னு நெனச்சுட்டாரு போல."

அவர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். ஜெபம் பண்ணுகிறவர்களை எழுப்பக்கூடாது என்ற மரியாதையில் என் ஆறு வருடத்தை மதுரைக்கு அனுப்பிவைத்துவிட்டார். அவரைத் திட்ட வாய் வரவில்லை. அந்தத் திட்டு முழுவதும் தேவராஜுக்குத்தான் போனது. என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். கடைசியில், "உங்க ஆண்டவருக்குத் தேங்க்ஸ் சொன்னது போதுமா, இல்ல இன்னும் யாராவது பாக்கி இருக்காகளா?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. அவர் குனிந்து, கவிழ்ந்த தட்டை எடுத்து வைத்தார்.

கடைக்காரர் ரோட்டின் நடுவே போய் நின்று இரண்டு கையையும் நீட்டி ஒரு லாரியை மறித்தார். கரி லோடு. சீமைக் கருவேலத்தை வெட்டி, அடுக்கி மண்ணால் மூடி எரித்து மூட்டம் போட்டு, கரியாக்கி விற்பதுதான் அந்தப் பக்கத்தில் மழை பொய்த்த வருடங்களில் பாதிப் பேருக்குச் சாப்பாடு. கேபினில் ஏற்கெனவே நாலு பேர். "பின்னாடி மூட்டை மேல உக்காந்துக்கிருவீகளா?" என்றார் டிரைவர். புடவையைச் செருகிக்கொண்டு ஏறினேன். பந்தல்குடியிலிருந்து அருப்புக்கோட்டை பதின்மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் அந்த லாரி மாட்டுவண்டியோடு போட்டி போட்டுக்கொண்டு போனது. ஆனி மாதத்துக் காற்று வேறு. கரித்தூள் கண்ணிலும் மூக்கிலும் போனது. நான் அழுதுகொண்டிருந்ததால் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன். டிரைவர் காசு வாங்கவில்லை. டவுனுக்குள் லாரி வராது என்று ஊர் எல்லையில் இறக்கிவிட்டார். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் ஓட்டமும் நடையுமாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 9.40.

மதுரை பஸ் 8.55க்கு வந்து 9.10க்குக் கிளம்பிப் போய்விட்டதாம். டைம் கீப்பர் அப்போதுதான் ஷிப்ட் மாறி உட்கார்ந்திருந்தார். தனக்கு முன்னால் இருந்தவர் பை எதுவும் கொடுத்துவிட்டுப் போகவில்லை என்றார். மதுரைக்கு டெலிபோன் போட்டுப் பார்த்தார், லைன் கிடைக்கவில்லை. அடுத்த மதுரை வண்டிக் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார். "அந்த வண்டி திரும்பி இங்க வர மூணரை ஆயிரும். நீங்க இங்கனயே நிண்டு வாங்கிக்கிட்டுப் போங்க" என்றார். இதைச் சொல்லும்போது என்னை மேலும் கீழும் பார்த்தார். எதற்கு இந்த ஆள் இப்படிப் பார்க்கிறார் என்று எனக்கு அதுவேறு கோபம்.

மூன்றரைக்குப் பை கிடைத்து, டவுன் பஸ் பிடித்து, ஐந்து கிலோமீட்டர் நடந்து ஐந்து மணிக்குள் போய்ச் சேர முடியுமா? முடிந்தாலும் மயிரிழைதான். நான் முன்னால் போய்த் தலையைக் காட்டுகிறேன், நீங்கள் பையோடு வாருங்கள் என்று தேவராஜிடம் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்த காசு எல்லாவற்றையும் என் கையில் வைத்துவிட்டு, பையோடு பின்னால் வர டவுன் பஸ்ஸுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார். "எஸ்தரு, பை வரும்" என்றார். பந்தல்குடியில் லாரி ஏறியதிலிருந்தே நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பஸ் ஏறும்போதும் பார்க்கவில்லை.

10.15க்கு டவுன் பஸ். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி பதினேழு கிலோமீட்டர், டிக்கெட் இரண்டு ரூபாய். ஜன்னலுக்கு வெளியே கொத்தமல்லியும் பருத்தியும் எடுத்து முடித்த கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் சீமைக் கருவேலம். பதினொரு மணிக்குத் திருச்சுழியில் இறங்கினேன். குண்டாற்றில் மணல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய கோயில் பக்கம் நல்ல நிழல் இருக்கிறது, பார்க்க வேண்டிய கோயில்தான். அன்றைக்கு எனக்குப் பார்க்க மனசில்லை.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே ஒரு பலசரக்குக் கடை. சவுதியில் பதினோரு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த ஒரு பாய் வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. போய் நின்று, "குடிக்கத் தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டேன். அந்த வருடம் அந்த ஊரில் தண்ணீர் கேட்பது சின்ன விஷயம் இல்லை. குடம் ஒரு ரூபாய்க்கு வண்டியில் வந்துகொண்டிருந்தது. அவர் ஒரு செம்பு நிறையக் கொடுத்தார். குடித்து முடித்ததும் கேட்காமலேயே இன்னொரு செம்பு. பிறகு வாழைத்தாரிலிருந்து இரண்டு பழத்தைப் பிய்த்து நீட்டினார்.

"எம்புட்டுங்க?" என்றேன்.

"காசெல்லாம் வேணாம்மா. வெயில்ல வந்திருக்கீக, தின்னுட்டுப் போங்க."

நான் போக வேண்டிய ஊரின் பேரைச் சொல்லி வழி கேட்டேன். "கம்மாக்கரையப் புடிச்சே போங்க. கரி மூட்டம் போடுற எடம் ஊருக்கு இந்தப் பக்கமே வந்துரும், ரொம்ப நடக்க வேண்டியதில்ல" என்றார். கரி மூட்டத்தைப் பற்றி இவர் எதற்கு என்னிடம் சொல்கிறார் என்று யோசித்தேன். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் நான் இல்லை. நடந்தேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது 12.15. ஓட்டுக் கட்டடம், இரண்டு வேப்பமரம், பக்கத்தில் சபையின் சின்னக் கோயில். தலைமையாசிரியர் ஐம்பதைத் தாண்டியவர். என்னைப் பார்த்ததும், "என்னம்மா வேணும்? சத்துணவுக்குக் கரி கொண்டாந்தீகளா?" என்றார். உத்தரவுக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் காட்டினார். அதில் பார்த்த முகத்தை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். இரண்டு கண்ணைத் தவிர எல்லாம் கரி. கண்ணீரைத் துடைத்த இடமெல்லாம் பட்டை பட்டையாக இழுபட்டிருந்தது. புடவையில் கரி பட்டது தெரியும், இவ்வளவு என்று தெரியாது, வெள்ளைப் புடவையில் வெள்ளை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. காலையிலிருந்து கூடவே வந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு பல வருடம் கேட்டேன். "அவ்வளவு கோவத்துல இருந்த. மூஞ்சியில கரி இருக்குன்னு யாரு சொல்லுவா?" என்பார்.

சத்துணவு சமைக்கும் அம்மா சீயக்காயும் ஒரு வாளித் தண்ணீரும் கொடுத்தார். முகம் கழுவி வந்து நடந்ததைச் சொன்னேன். தலைமையாசிரியர் கல்நெஞ்சக்காரர் இல்லை, ஆனால் விதியை வளைக்கத் தெரியாதவர்.

"ஒரிஜினல் பாக்காம பதிவேட்டுல எழுத முடியாது டீச்சர். அஞ்சு மணி வரைக்கும் இருங்க. அஞ்சு மணி ஆயிட்டா, நீங்க சேரலைன்னு நான் எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பியாகணும். அடுத்த ஆளும் நாலு வருஷமாக் காத்திருக்கிற புள்ளதான்."

மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடி, ஒரே குரலில் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எனக்குக் கண் மூடவில்லை. எனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு வைத்தார்கள். அன்று நான் ஜெபம் பண்ணாமல் சாப்பிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆண்டவர் மேல் எனக்கு அத்தனை கோபம். நன்றி சொன்னதற்கா இந்தத் தண்டனை என்று கேட்டுக்கொண்டே ஒரு பருக்கை விடாமல் தின்றேன். பசி யாரை விட்டது?

மூன்றாம் வகுப்புக்கு ஆள் இல்லாமல் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்ததால், நான் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். போனேன். "நீங்கதான் புது டீச்சரா?" என்று ஒரு பெண் கேட்டாள். அஞ்சு மணிக்குச் சொல்கிறேன் என்றேன். ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். கதை சொன்னேன். வாழ்க்கையில் நான் எடுத்த முதல் வகுப்பு அது, வேலை இல்லாமல் எடுத்தது. அரை மணி நேரத்தில் அந்தப் பிள்ளைகள் எனக்குப் பிடித்துப்போய்விட்டார்கள். அதனால் பயம் இன்னும் கூடிவிட்டது. காலையில் சம்பளம் போய்விடுமே என்று பயந்தேன். இப்போது இந்த முகங்களும் போய்விடுமே என்று இருந்தது.

நாலு மணிக்குப் பிள்ளைகள் போய்விட்டார்கள். நாலரை ஆனது. தலைமையாசிரியர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்காதது போல இருந்தார். 4.40க்குக் கம்மாய்க் கரையில் மொபெட் சத்தம் கேட்டது. ஓட்டி வந்தவர் திருச்சுழியில் எனக்குத் தண்ணீர் கொடுத்த பாய். பின்னால் தேவராஜ், மடியில் பழுப்பு ரெக்சின் பை. வேப்பமரத்தடியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு கரி மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது.

தலைமையாசிரியர் ஒவ்வொரு சான்றிதழாகத் தொட்டுப் பார்த்தார். 4.55க்கு, பிற்பகலில் பணியேற்றார் என்று பதிவேட்டில் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். கை கோணி, என் பெயர் அந்த ஏட்டில் இன்றும் சரிந்துதான் கிடக்கும்.

அப்புறம்தான் நடந்தது தெரிந்தது. அருப்புக்கோட்டையில் கண்டக்டர் பையைப் பார்த்திருக்கிறார். நான் காலையில் சொன்னது அவருக்கு நினைவிருந்திருக்கிறது. டைம் கீப்பரிடம் கொடுத்தால் நாங்கள் அங்கே போய்க் கேட்போமோ மாட்டோமோ, எப்படியும் திருச்சுழிக்குப் போய்த்தானே ஆக வேண்டும் என்று, 9.05 டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, திருச்சுழி ஸ்டாப்பில் பாய் கடையில் வைக்கச் சொல்லியிருக்கிறார். மூன்றரைக்குத் திரும்பி வந்தவர் தேவராஜைப் பார்த்து, "இன்னுமா இங்க நிக்கிறீக? பை காலையிலேயே போயிருச்சே" என்றாராம். அதாவது, நான் கரி லாரியில் அழுதுகொண்டிருந்தபோதே என் பை எனக்கு முன்னால் திருச்சுழிக்குப் பயணம் போய்க்கொண்டிருந்தது. நான் செம்பில் தண்ணீர் குடித்தபோது அது பாயின் கல்லாவுக்குக் கீழே, என் முழங்காலுக்கு நேராக இருந்தது.

பாய்க்குத்தான் தாங்கவில்லை. திரும்பும்போது தன் கடையில் எங்களை உட்கார வைத்து, மறுபடி மறுபடி அதையே சொன்னார்.

"புது டீச்சர் பைன்னு சொல்லித்தான் குடுத்தாக. நானும் டீச்சர் வருவாக, வருவாகன்னு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து நிக்கையில, மூட்டத்துல வேலை செய்யிற அம்மான்னு நெனச்சுட்டேன். இவுகளும் கரியா வந்து நிண்டப்பதான் எனக்கு வெளங்குச்சு."

நான் பர்ஸைத் திறந்து, காலையில் தின்ற பழத்துக்காவது காசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அது டீச்சருக்குக் குடுத்தது இல்லம்மா. தாகம்னு வந்தவுகளுக்குக் குடுத்தது. அதுக்கு டீச்சர்ட்ட எப்படிக் காசு வாங்குறது?" என்றார். நான் பர்ஸை மூடிக்கொண்டேன். அன்று முழுவதும் சான்றிதழ் இல்லாமல் எதுவும் கிடைக்காது என்று செத்துக்கொண்டிருந்தேன். தண்ணீரும் பழமும் மதியச் சோறும் யாரும் எதையும் காட்டச் சொல்லாமல் கிடைத்திருந்தன. வாங்கித் தின்றவளுக்கு அது தெரியவே இல்லை. 6.20 பஸ்ஸில் திரும்பும்போது தேவராஜிடம் மன்னிப்புக் கேட்டேன். "பஸ் போனது என் தப்புதான்" என்றார் அவர். அதுவும் உண்மைதான், நான் மறுக்கவில்லை.

இனி உங்களுக்கான விவரம், தங்கையே. இப்போது நாலுவழிச் சாலை வந்துவிட்டது. பல வண்டிகள் பந்தல்குடிக்குள் போகாமல் மேலேயே போய்விடுகின்றன, நிற்கிறதா என்று ஏறும்போதே கேளுங்கள். அருப்புக்கோட்டைக்கு இரண்டு மணி நேரம் போதும். அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், திருச்சுழியில் மதியத்துக்கு மேல் நல்ல சாப்பாடு கிடைப்பது கஷ்டம். உள்ளூர் பஸ் மதிய நேரத்தில் வெகுநேரம் இருக்காது. ஷேர் ஆட்டோ உண்டு. தண்ணீர் இரண்டு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போனால் காடு பச்சையாக இருக்கும், மல்லி வாசம் பஸ்ஸுக்குள் வரும். ஜூனில் போகிறீர்கள், காற்றுக்குத் தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைப் புடவை வேண்டாம். சான்றிதழ் மடியை விட்டு இறங்கக் கூடாது, கால் மரத்தால் மரக்கட்டும். எங்கே போகிறீர்கள், எதற்குப் போகிறீர்கள் என்று கண்டக்டரிடம் வாய் விட்டுச் சொல்லி வையுங்கள். வழியில் சாப்பிடும்போது ஜெபம் பண்ணுங்கள், ஆனால் ஒருவர் கண்ணைத் திறந்துகொண்டு பஸ்ஸைப் பார்க்கட்டும். ஆண்டவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வேலையில் சேர்ந்த பிறகு ஒவ்வொருவராகப் பார்த்து நன்றி சொன்னேன். பந்தல்குடிக் கடைக்காரருக்கு, மதுரை பஸ் கண்டக்டருக்கு, டைம் கீப்பருக்கு, பாய்க்கு. லாரி டிரைவரைக்கூட ஒரு மாதம் கழித்து அருப்புக்கோட்டையில் பிடித்துவிட்டேன். பையைக் கொண்டுபோய்ச் சேர்த்த அந்த 9.05 டவுன் பஸ் கண்டக்டரை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வண்டியில் மூன்று பேர் மாறி மாறி வருவார்கள். மூன்று பேரிடமும் கேட்டேன். "தெனம் பத்துப் பை ஏத்துறோம் டீச்சர். மருந்து ஏத்துறோம், தூக்குவாளி ஏத்துறோம். எது யாரு பைன்னு கண்டோம். நானா இருந்தாலும் இருக்கும்" என்றார் ஒருவர். மற்ற இருவரும் ஏறத்தாழ அதையேதான் சொன்னார்கள். என் வீட்டில் அடுப்பு எரிய வைத்தவருக்கு அதைச் செய்தது தான்தான் என்பதே தெரியவில்லை.

மூன்று பேருக்கும் நன்றி சொன்னேன். ஆனாலும் அது உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு நாள் சோற்றுக்கு முன்னால் கண்ணை மூடியபோது அந்தக் கண்டக்டரையும் சேர்த்துச் சொன்னேன். முகம் தெரியாது, பேர் தெரியாது, ஆண்டவரே, உமக்குத் தெரியும், நீர் அவரிடம் சேர்த்துவிடும் என்றேன். மனசு லேசாகிவிட்டது. தேவராஜ் இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.